இருபத்துமூன்றாம் நாள் பன்னீர்

சென்ற வியாழன் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹனிபா மாஸ்டர் மௌத்தாகிவிட்டார் என்று ஜனாஸா அறிவித்தல், மரணச் செய்தி, கேட்டது. கல்முனைக்குடியில் அவர் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தால், ஆளாளுக்கு அவரை விஞ்ஞானி என்கிறார்கள். உயிரோடிருந்தபோது 'றால் பைத்தியம்' என்று முதுகுக்குப் பின்னால் சிரித்த அதே வாய்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு நான் பூசி மெழுகத் தேவையில்லை. ஒரே பாடசாலையில் ஒன்பது வருடம் படிப்பித்தோம். அவர் கணக்கு, நான் விஞ்ஞானம். மகா தற்பெருமைக்காரர். நான் பட்டதாரி என்பதாலேயே என்னைக் கண்டால் அவருக்கு இளக்காரம். எனக்கும் அவரிடம் பெரிதாக மரியாதை இருக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், சாய்ந்தமருது மீனவர் ஒருவரின் வலையில் சிவப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட இறால் சோடியொன்று சிக்கியது. கறிக்கு உதவாதென்று எறியப் போனதை மாஸ்டர் வாளியில் வாங்கி வந்தார். முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்தார். சைக்கிளில் கடல் தண்ணீர் சுமந்தார். லொறி டியூப்பில் காற்றடித்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டார். பெண் இறால் வயிற்றில் முட்டை கட்டியதும், குஞ்சுகளை வளர்த்துக் காட்டுவதாக ஆசிரியர் அறையில் அறிவித்தார். வீட்டுத் தொட்டியில் பத்து நாளைக்கு மேல் ஒன்றும் தங்காது என்று எல்லோருக்கும் கேட்கவே நான் சொன்னேன்.

"ஒங்கட புத்தகம் எந்தக் கடலக் கண்டிருக்கு சேர்?" என்றார் அவர். அறையே சிரித்தது.

மூன்று தடவை பொரித்தும் குஞ்சுகள் செத்தன. நான்காவது தடவை, பாசி பிடித்த கடல் தண்ணீரை வெயிலில் வைத்து, அதில் வளர்ந்த நுண்பூச்சிகளை மனைவியின் முக்காட்டுத் துணியால் வடித்து ஊட்டினார். சகோதரி மகனின் கலியாணத்துக்குக்கூடப் போகவில்லை. "உசிருள்ள சாமானுக்கு லீவு இல்ல" என்றார். நான் தினமும் பார்க்கப் போனேன். அக்கறையில் அல்ல, அவை சாவதைப் பார்க்க. பத்து நாள் கடந்தது, இருபதும் கடந்தது. தூசி அளவு குஞ்சுகளுக்குக் கால் முளைத்து, கண் கறுத்தது.

இருபத்துமூன்றாம் நாள் அவர் வீட்டில் நபி புகழ் ஓதும் மௌலூது. சபைக்குப் பெருமை காட்ட வேண்டுமே! தொட்டியின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். ஸலவாத்து ஓதி எழுந்தபோது, வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்திருந்த அவருடைய மாமனார் பன்னீர்ச் செம்போடு எல்லோருக்கும் தெளித்துக்கொண்டு வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றேன். "இதுகளுக்கும் பறக்கத்து கிடைக்கட்டும்" என்று மூன்று முறை தண்ணீருக்குள் உதறினார், பாவம், வயல் செய்யும் மனிதர். வாசனைச் சாரம் கலந்த கடைப் பன்னீர் அந்தக் குஞ்சுகளுக்கு நஞ்சு என்று எனக்குத் தெரியும். கையை நீட்டித் தடுத்திருக்கலாம். நீட்டவில்லை.

விடிந்ததும் அத்தனையும் தொட்டியின் அடியில் கிடந்தன. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அன்றைக்கு அவர் குரலில் இளக்காரமே இல்லை.

"பன்னீர் பட்டாச் சாகுமெண்டு ஒங்கட புத்தகத்தில இருந்ததா சேர்?"

"இல்ல மாஸ்டர்" என்றேன்.

மாமனாரைக் குறை சொன்னவர்களிடமெல்லாம், "பட்டதாரி சேருக்கே தெரியாத விசயம், அந்த மனிசன் என்ன செய்ற?" என்று சொல்லி வாயடைத்தார். மறுபடி தொடங்கக் காத்திருந்தார். தாய் இறால் செத்தது. பிறகு வந்த கலவரக் காலத்தில் கடலுக்குப் போவதே பாடாகிவிட்டது. அப்படி ஒரு சோடி மீண்டும் அவர் கைக்கு வரவில்லை.

என் படிப்பை அவர் மதித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் என் பொய்யை நம்பி. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மரியாதை மட்டுமே. முற்றத்தில் உட்கார்ந்து புகழ்ந்தவர்களும் பொய்தான் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய பொய்யால் அவருக்கு ஒரு குஞ்சும் நட்டமில்லை.