என் தம்பிக்காகக் காத்திருந்த காதுகுத்து

என் தம்பி பின்னாளில் விண்வெளி நிறுவனத்துக்கே தலைவரானான். பேப்பரில் அவன் படம் வந்தால் தெருவே எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டும். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு என் மகளின் காதுகுத்துதான் ஞாபகம் வரும்.

அப்போது நாங்கள் கவரைப்பேட்டையில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் வேலை. தம்பி, ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிற இடத்தில் இன்ஜினியர். ரயிலேறினால் வந்துவிடலாம். ஆனால் வரமாட்டான். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மடி கொடுத்தவன்தான் அப்புறம் எல்லாச் சீருக்கும் மாமன். இரண்டு தடவை நாள் குறித்தோம். இரண்டு தடவையும், காற்று சரியில்லை, ராக்கெட் போகவில்லை, லீவு இல்லை என்று சொல்லியனுப்பினான். மூன்று வயது தாண்டியும் பிள்ளை மூளிக் காதோடு திரிந்தது. மாமியார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த தடவை கண்டிப்பாக வருகிறேன் என்றான். மூன்றாவதாகக் குறித்த நாளில் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. ஆசாரி கம்பியைத் தீட்டி வைத்திருந்தார். நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைந்தேன்.

மாமியார் எல்லோர் எதிரிலும் கேட்டார்: "உன் தம்பி ராக்கெட்டுக்கு நேரம் பாக்கறான். நம்ம ஊட்டு நல்ல நேரம் மட்டும் அவனுக்கோசரம் நின்னுக்கினு இருக்குமா?"

என் சித்தப்பா மகன், சைக்கிள் கடை வைத்திருந்தவன், பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கைகாட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் தம்பி வந்தான். அன்றைக்கும் ராக்கெட் போகவில்லையாம். பிள்ளையின் சிவந்த காதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"ஒரு காதையாவது எனக்கு உட்டு வெச்சிருக்கலாமேக்கா."

"வாசலையே பாத்துக்கினு இருந்தேன்டா. இன்னும் எத்தினி நாளுதான் பாக்கறது?"

அவனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. கொண்டுவந்த பட்டுப்பாவாடையை என் கையில் கொடுத்தான். முதல் தடவை நாள் குறித்தபோதே வாங்கியதாம். பிள்ளைக்கு இப்போது அது சின்னது.

மகள் கல்யாணத்துக்கு அவன் காரில் வந்தான். கூட்டம் அவனைச் சுற்றியே நின்றது. "தாய்மாமன் வாங்க" என்று ஐயர் கூப்பிட்டார். தம்பி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். அதற்குள் சைக்கிள் கடைக்காரன் மாலையோடு மேடை ஏறிவிட்டான். அவனை இறங்கு என்று சொல்வது நியாயமில்லை. தம்பியை ஏறு என்று சொல்லவும் வாய் வரவில்லை. தம்பி மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.