சம்பந்தி கொண்டுவந்த போத்தல்

சீனிப்பாணி கொதித்தது. பொனிபஸ் அதில் இரண்டு கராம்பைப் போட்டு அடுப்பைத் தணித்தார். தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போன என்னைப் பார்த்து, "மச்சான், சத்தம் போடாதை. சரிக்கட்டலாம்" என்றார்.

சிட்னி நார்த்மீட்டில் எனக்குப் பக்கத்து வீடு. மன்னார்க்காரர், பஸ் ஓட்டுகிறார். அவர் சரிக்கட்டாத சாமான் இல்லை. நல்லாயிருந்த என் புல்வெட்டியையும் கழற்றிச் சரிக்கட்டியிருக்கிறார். விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு உறைத்தால் எழுந்துபோய்த் தேங்காய்ப்பால் விடுவார். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திரிகை வற்றலைச் சீனியோடு வாளியில் ஊறப்போட்டு வைன் செய்வார். குடித்தால் உதடு ஒட்டும். வைன் என்றால் அவருக்கு அதுதான்.

அன்று அவர் மகள் றொசானாவின் வருங்கால மாமனார் தேவராஜா பிரான்சிலிருந்து வந்திருந்தார். றோன் ஆற்றுக்கு மேலே, இயந்திரம் ஏறாத செங்குத்துச் சரிவில் திராட்சைக் கூடைகளை முதுகில் சுமப்பது அவர் வேலை. அந்தத் தோட்டத்துச் 'சிரா' என்ற சிவப்பு வைனில் ஒரு போத்தலை, கல்யாணத்துக்கென்று முதலாளி கொடுத்துவிட்டிருந்தார்.

பொனிபஸ் ஏற்கெனவே அதைத் திறந்து ஒரு வாய் குடித்திருந்தார்.

"துவர்க்குது. மிளகு மணம், புகை மணம். பிளேனில பழுதாப் போச்சு. மனுசன் அறிஞ்சா முகம் செத்துப்போகும்."

போத்தல் முழுவதையும் ஜக்கில் ஊற்றிப் பாணியைக் கலந்தார்.

விறாந்தையில் இருந்த தேவராஜா மெல்ல உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"எத்தினை வரியம் சுமந்திட்டன் சம்பந்தி. வாயில வைக்கிறது இண்டைக்குத்தான். இவ்வளவு இனிப்பெண்டு நினைக்கேல்லை."

றொசானா ஒரு வாய் குடித்தாள். தகப்பனைக் குசினிக்குள் இழுத்துப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"டாட், என்ன போட்டனீங்கள்?"

"பழுதான சாமான் பிள்ளை. ஒரே துவர்ப்பு."

"சிரா அப்பிடித்தான் இருக்கும். நான் குடிச்சிருக்கிறன்."

"நீ குடிச்சிருக்கிறியோ?"

"இப்ப அதுவா பிரச்சினை? அங்கிளுக்குச் சொல்லுங்கோ."

பொனிபஸ் வெறும் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. "துவர்க்கிறதையோ ஆக்கள் ஆசைப்பட்டுக் குடிக்கிறவை?" என்று என்னைக் கேட்டார். பிறகு மகளிடம் திரும்பினார். "சொன்னா, மனுசன் குடிச்சதும் இல்லையெண்டு போயிடுமே."

விறாந்தையில் தேவராஜா இன்னொரு கிளாஸ் கேட்டார். பொனிபஸ் போய் ஊற்றினார்.

மறுநாள் காலை தேத்தண்ணிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தேவராஜா மனைவிக்குப் போன் எடுத்தார். "தேன் மாதிரியப்பா. இதையோ நான் இவ்வளவு நாளும் சுமந்தனான்?" என்றார். பொனிபஸ் கதிரையை விட்டு எழுந்தார். "ஒருக்காத் தாங்கோ" என்று கை நீட்டினார். போனைக் காதில் வைத்து, "அக்கா, அந்த வைன்..." என்று தொடங்கினார்; மறுபக்கத்தில் பேச்சு நிற்கவில்லை. "ஓம் அக்கா" என்றார். "ஓம், ஓம்." திருப்பிக் கொடுத்தார்.