ஒன்றரை அடி மஞ்சள் வயர்

ஒன்றரை அடி நீளம் இருக்கும், மஞ்சள் வயர். ஏற்காட்டில் ஒரு பேக்கரி மாடியின் வாடகை அறையில், இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. இடது அலமாரி எங்கள் கம்பெனியுடையது, வலது எதிர்க் கம்பெனியுடையது. சேலத்து ஆஸ்பத்திரி ஒன்று எம்பிஎல்எஸ் என்கிற எங்கள் கம்ப்யூட்டர் இணைப்பு வலையில் இருந்தது. அது செம்மநத்தம் என்ற மலைக்கிராமத்தில் திறந்த கிளினிக்குக்கோ எதிர்க் கம்பெனியின் வலை மட்டுமே எட்டியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பிறர் நுழைய முடியாத தனிவழி போட்டுக் கொடுப்பதுதான் இரண்டு கம்பெனிகளுக்கும் பிழைப்பு. ஆஸ்பத்திரியின் இரண்டு தனிவழிகளையும் அந்த வயரில் சேர்த்து வைக்க நானும் எதிர்க் கம்பெனி இன்ஜினீயரும் அன்று காலை அங்கே கூடினோம்.

அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அறையில் ஒரே நாற்காலி. "நீங்க உக்காருங்க", "அட, நீங்க மொதல்ல உக்காருங்க" என்றே நேரம் போய், கடைசிவரை இருவரும் உட்காரவில்லை. ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாதென்பது இரு கம்பெனிகளின் சட்டம். ஆகவே முதுகோடு முதுகாக நின்று அவரவர் லேப்டாப்பில் தட்டினோம். "எங்க பக்கம் சரியாத்தானுங்க இருக்குது" என்றார். எங்கள் பக்கமும் சரியாகத்தான் இருந்தது. வழி மட்டும் திறக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கிளினிக் சிஸ்டர் போன் செய்தார். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வயிற்றுவலியோடு வந்திருந்தாள். ஸ்கேனைப் போனில் படம் பிடித்து அனுப்பியும் தெளிவில்லை என்று சேலத்து டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். "ஏனுங்க சார், லைன் வந்துருச்சுங்களா? அந்த ரோட்டுல ஜீப்புல குலுக்கிக் கூட்டிப்போக நொம்பப் பயமா இருக்குதுங்க." நான் சென்னைத் தலைமை ஆபீசுக்கு மெயில் எழுதினேன். ஆபத்து வந்தால் மெயில் எழுதுவது என் பிறவிக்குணம். நாலாவது அழைப்பில் சிஸ்டரின் குரலுக்குப் பின்னால் ஜீப் உறுமியது. "பத்து நிமிசம் பாப்பேனுங்க. அப்பறம் கெளம்பீருவோம்."

எதிர்க் கம்பெனிக்காரர் சட்டென்று தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "பாத்துக்கங்க சாமி. வேலை போனாப் போவுது."

எதிர்ப்பக்கம் அழைத்தால் பதில் சொல், நீயாக அழைக்காதே என்று திரையில் ஒரு வரி. அதே வரி என் அலமாரியின் ரவுட்டர் பெட்டியிலும் இருந்தது. முந்தைய நாள் போனில் "நீங்களே கூப்பிடுங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்ததன் பலன். இரண்டு பெட்டிகளும் காலையிலிருந்து கைகட்டி நின்றிருந்தன. "கல்யாண ஊட்டுப் பந்தியில கூட இத்தனை உபசாரம் ஆகாதுங்க" என்றார் அவர். சென்னையின் அனுமதிக்குக் காத்திராமல் என் வரியை அழித்தேன். என் பணிக்காலத்தின் ஒரே வீரச்செயல் அதுதான்.

வழி திறந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, ஆளை அசைக்க வேண்டாம், ஊசி போட்டுப் படுக்க வையுங்கள், நானே மேலே வருகிறேன் என்றாராம். "யாருங்க சரி பண்ணுனது?" என்று சிஸ்டர் கேட்டபோது, "அவருதானுங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

சாயங்காலம் ரிப்போர்ட்டில், "எதிர்த்தரப்பின் அமைப்பில் பிழை" என்று எழுதி அனுப்பினேன்.

இப்போது நான் மலையேறுவதில்லை. சேலத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் ரிப்போர்ட்டுகளைப் படிக்கிற உத்தியோகம். அவற்றிலும் பிழை எப்போதும் எதிர்த்தரப்பில்தான் இருக்கிறது. அவரும் அன்று அப்படியே எழுதியிருப்பார் என்று நம்பித்தான் காலம் தள்ளுகிறேன். உண்மையை எழுதியிருந்தால், திரையைத் திருப்பிக் காட்டியதையும் எழுதியிருப்பார். எழுதக்கூடிய ஆள்தான் அவர்.