ஐந்து வருடம் என்று எழுதினேன்

பதுளைப் பாடசாலையில் காலைக் கூட்டம் முடிந்து அலுவலகத்தில் உட்கார்ந்தபோது தந்தி வந்தது. பாக்கியம் டீச்சர் காலமானார், நாளை அடக்கம். தெமோதரைக்கு மேலே நானும் டீச்சரும் பிறந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். டீச்சர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருப்பது எனக்குத் தெரியும். அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தேன். நான் பல காரியங்களை அடுத்த வாரத்துக்கு வைப்பவன்.

அடக்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் தோட்டத்தின் முதல் பட்டதாரி, இப்போது பாடசாலை அதிபர் வேறு. அவருடைய பொறுமையைப் பற்றியும், அடைமழையிலும் பிந்தாமல் பள்ளிக்கூடம் வந்ததைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினேன். பெண்கள் அழுதார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன். அன்று அங்கே நின்ற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் எனக்கும் பாக்கியத்துக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. பட்டம் எடுத்து ஆசிரியராவதுதான் இருவருக்கும் ஆசை. படிப்பு இலவசம். ஆனால் நான்கு வருடத்துக்குச் சாப்பாடு, அறை, உடுப்பு எல்லாம் யார் தருவது? தோட்டத்தில் கடன் கேட்க இருந்தது ஒரே இடம்தான். தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்து வீடுகளும் மாதாமாதம் காசு போட்டு வைக்கும் மரண உதவிச் சங்கம். "ஒருத்தருக்குத்தான் குடுக்க முடியும்" என்றார் தலைவர். "நாளைக்கு ஒரு சாவு விழுந்தா பெட்டி வாங்கக் காசு வேணும்ல. யாருக்குக் குடுத்தா திரும்பி வரும்னு நீயே கணக்குப் போட்டு வாப்பா."

கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். போட்டியில் இருப்பவனிடமே கணக்கைக் கொடுத்தது யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

ஒரே தாளில் இரண்டு கணக்குப் போட்டேன். இருவருக்கும் கடன் ஒரே தொகை, சம்பளம் ஒரே தொகை, அடைக்க வேண்டியதும் அதே நான்கு வருடம். உழைக்கும் காலம் மட்டும் எனக்கு முப்பது வருடம், பாக்கியத்துக்கு ஐந்து; அடைத்தபின் மிஞ்சுவது எனக்கு இருபத்தாறு, அவருக்கு ஒன்றே ஒன்று. கூட்டத்துக்கு முன்னால் அவரிடம் காட்டினேன்.

"அஞ்சுன்னு எப்படிண்ணே போட்டீங்க?"

"அதுக்குள்ள கல்யாணம் ஆகிரும்ல. அப்புறம் யாரு வேலைக்கு விடுவா?"

அவர் விரலை வைத்துத் தாளை வரிவரியாகப் பார்த்தார். "கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். கோயில் முன்னால் கூடிய கூட்டத்தில் நான் உரக்க வாசித்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. அவருடைய அப்பாவே தலையாட்டினார். தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நான் பட்டத்தோடு திரும்பி வந்தபோது பாக்கியம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெறாத ஆசிரியையாக, அரைச் சம்பளத்துக்கு, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணே என்று கூப்பிட்டவர் அன்றைக்கு "வாங்க சார்" என்றார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சொன்னபடி நான்கு வருடத்தில் கடனை அடைத்தேன். சங்கம் மாலை போட்டது. ஐந்தாவது வருடத்திலிருந்து என் சம்பளம் முழுவதும் என் கையில். அப்போதாவது, "பாக்கியம், நீ போய்ப் படி, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதுளையில் காணி வாங்கினேன்.

போன வருடம் டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவரிடம் படித்த ஒரு பெண்பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. கடன் விண்ணப்பத்துக்கு ஓர் அதிபரின் சிபாரிசு வேண்டும். நான் வழக்கம்போலப் பேனாவைத் திறந்து, எவ்வளவு கடன், எத்தனை வருடம் என்று ஆரம்பித்தேன்.

"கணக்கெல்லாம் நான் போட்டுட்டேன் சார். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகு வெகுநேரம் யாரையும் உள்ளே விடவில்லை.

அடக்கம் முடிந்ததும் தம்பி ஒரு பழைய தாளைக் கொடுத்தார். "அக்கா டிரங்குப் பெட்டியில இருந்துச்சு சார். உங்க எழுத்து மாதிரி இருக்கு." அதே தாள். இத்தனை காலத்தில் டீச்சர் அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாகும்வரை பாடம் நடத்தினார். இருபத்திரண்டில் படிப்புக்கு நான்கு, கடன் அடைக்க நான்கு போனாலும் பதினான்கு வருடம் முழுச் சம்பளம் வாங்கியிருப்பார். அவருடைய சவப்பெட்டியைச் சங்கம் வாங்கியது. அந்தக் காசு பத்திரமாக இருந்ததற்கு என் கணக்கும் ஒரு காரணம் என்று அடக்கத்தன்று தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். அதில் அவர் எழுத்து ஒன்றும் இல்லை. எல்லாம் நான் எழுதியது.