டேக்-ஆஃபில் மூடுகிற ஏர்கான்

பாலிடெக்னிக்கிலிருந்து நான் பழகிவந்த பெண்ணின் அப்பா ஒருவழியாக என்னைப் பார்க்க ஒத்துக்கொண்டார். சிங்கப்பூர் தேக்காவில் இருப்பதிலேயே அதிகமாகக் குளிரும் உணவகத்தை அவரே தேர்ந்தெடுத்தார். அவர் சரியென்றால் நானும் அவளும் கல்யாணம் செய்யப்போகும் ஜோடியாக அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்; இல்லையென்றால் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். எங்கள் குடும்பத்தில் படித்து டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் தெம்பில் போய் உட்கார்ந்தேன்.

"ஏர்போர்ட்ல என்ன வேலை தம்பி?"

"பிளேன் ஏர்கான் சிஸ்டம், அங்கிள். மெயின்டனன்ஸ்."

"ஓ, ஏர்கானா. பிடோக்ல நம்ம வீட்டு ரூம்ல தண்ணி ஒழுகுது. ஒரு நாள் வந்து பாருங்களேன்."

வங்கியில் என்ன வேலை என்று அவருக்கே சொல்லத் தெரியாத ஒரு பதவியில் இருந்தவர். ஸ்பேனர் பிடிப்பவனெல்லாம் அவருக்கு ஒரே ஆள்தான். இருந்தாலும் பொறுமையாக விளக்கினேன். எங்கள் விமானங்களில், இன்ஜின் உள்ளே இழுத்து அழுத்துகிற காற்றிலேயே ஒரு பங்கைப் பிரித்து, குளிரவைத்து, பயணிகளுக்கு அனுப்புகிறோம். எடுத்த அளவுக்கு இன்ஜினின் உந்துவிசை குறையும். அதனால் வெயில் நாளில் அதிக பாரத்தோடு கிளம்பும்போது, ஏர்கானை மூடிவிட்டு மேலே ஏறிய பிறகு திறப்பதுண்டு.

தோசையை மென்று விழுங்கிவிட்டு அவர் கேட்டார்: "அப்போ முக்கியமான நேரத்துல மொதல்ல மூடி வைக்கிறது உங்க டிபார்ட்மெண்ட்டத்தானே?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளும் சிரித்தாள். அவரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

"திரும்பத் திறக்கலேன்னா மேல யாராலயும் மூச்சு விட முடியாது, அங்கிள். உள்ள இருக்கிற காத்தே அதுலேர்ந்துதான் வருது."

அவர் அதற்குள் பில்லுக்குக் கையைத் தூக்கியிருந்தார். "டிகிரி பண்ணி மேனேஜ்மென்ட் பக்கம் வந்துடுங்க தம்பி. அப்புறம் பேசலாம்."

அவர் காரை எடுக்கப் போனதும், ரயில் நிலைய வாசல்வரை அவள் என்னோடு நடந்தாள்.

"அப்பா தப்பா ஒண்ணும் சொல்லல லா. ஓகேன்னு சொல்லிடேன். ஆபீஸ் வேலைன்னா எனக்கும் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்ல ஈஸியா இருக்கும்."

"இதுவரைக்கும் என்ன சொல்லி வச்சிருக்க?"

"ஏவியேஷன்ல இருக்கான்னு."

ஏவியேஷன். கிரீஸ் ஒட்டாத சொல்.

"வீட்டுக்கு வேற யாரோடயாவது அப்ளை பண்ணு" என்றேன்.

"கோவத்துல பேசாத" என்றபடி அவள் அப்பாவின் காரைத் தேடினாள்.

கோபமில்லை. என் வேலையைச் சொல்ல வெட்கப்படுகிறவளோடு ஒரே கதவுக்கு இரண்டு சாவி வாங்க எனக்கு விருப்பமில்லை. அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன்.