வேலாப்போடியின் கால்பெட்டி

வேலாப்போடி நடந்தது கள்ள நடை. அது கட்டைபறிச்சான் ஊரில் அவனுடைய மனைவி அன்னப்பிள்ளைக்கும், கூட மீன் விற்கும் மஹ்ரூபுக்கும் மட்டுமே தெரியும்.

முதுகில் ஷெல் குண்டின் துண்டு பட்டதிலிருந்து அவனுடைய வலது பாதம் தொங்கிப்போயிருந்தது. காலில் நரம்பு பழுதில்லை, மேலேயிருந்து கட்டளைதான் வந்து சேரவில்லை என்றார் திருகோணமலைக்கு வந்திருந்த வெளிநாட்டு டொக்டர் ஒருவர். முழங்காலுக்குக் கீழே சின்னப் பெட்டியொன்றைக் கட்டி, செருப்பின் குதிப்பக்கத்தில் சுவிட்ச் வைத்துவிட்டார். குதி எழும்பினால் பெட்டி கரண்ட் கொடுக்கும், பாதம் தானாகத் தூக்கும். அவன் நடந்ததைப் பார்த்து அன்னப்பிள்ளை அழுதாள். பிறகுதான் பயந்தாள். பெட்டி, பற்றறி, வயர், சுவிட்ச் எல்லாம் ஓர் ஆளின் உடம்பில் இருந்தால் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குண்டு.

கால்வரை தொங்கும் சாரத்துக்குள் அதை மறைத்துக்கொண்டு அவன் மூதூர்ச் சந்தைக்குப் போய்வந்தான். வழியிலிருந்த காவலரண் ஆமிக்காரர் மீன்கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு அவனைப் போகவிடுவார்கள். அவன் நடை அவர்களுக்குப் பழகிப்போனது.

மாசியில் பட்டினத்தில் குண்டு வெடித்தது. யாரோ உடம்பில் கட்டி வந்த குண்டு என்று கதை. அடுத்த நாள் விடிய அன்னப்பிள்ளை பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இண்டைக்கு ஆளைத் தடவிப் பாப்பாங்கள். இழுத்து இழுத்தே போங்கோ."

"அது இல்லாட்டி நான் நொண்டியெல்லே?"

"நொண்டியை ஒருத்தரும் சுடமாட்டாங்கள்."

நல்ல புத்தி என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

வெயில் ஏறமுன் கூடப் போன மஹ்ரூப் தனியே திரும்பி வந்தான்.

"தங்கச்சி, அவனைப் புடிச்சி வெச்சிருக்கானுகள். நேத்து நல்லா நடந்தவன் இண்டைக்கு நொண்டுறான், எந்தச் சண்டையில பட்ட காயம் எண்டு கேக்கானுகள். சட்டையைக் கழட்டினா முதுகில தழும்பு."

"பெட்டியைப் பற்றிச் சொல்லேல்லையோ, மஹ்ரூப் நானா?"

"சொன்னான். கொண்டாந்து காட்டு எண்டானுகள். ஆனா அப்பிடிச் சொன்னவன் இப்ப ட்யூட்டி மாறிப் போறான். புதுசா வாறவனுக்கு ஒண்டும் தெரியாது. ஆளை ஆமிக் காம்புக்கு ஏத்தப் போறானுகளாம்."

காம்புக்கு ஏற்றிய எவரும் திரும்பி வந்ததை அவள் கண்டதில்லை. தன் புத்தியே அவனை மாட்டிவிட்டது. தன்னால் கூட வர ஏலாதென்று மஹ்ரூப் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளைகுட்டிக்காரன். அவளுக்கு அவனில் கோபமில்லை.

பெட்டியைச் சீலையில் சுற்றினாள். மறைத்தால் இன்னும் மோசம் என்று அவிழ்த்தாள். வயர்கள் தொங்க, வெறுங்கையில் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிரே வந்தவர்கள் வீட்டுப் படலைகளுக்குள் ஒதுங்கினார்கள்.

காவலரணுக்கு அப்பால் வேலாப்போடி முழங்காலில் இருந்தான். துவக்கோடு நின்றவனை அவள் முன்பு கண்டதில்லை.

"நில். கையைத் தூக்கு."

தூக்கினாள். பெட்டியும் கையோடு மேலே போனது.