கார்த்திகை விளக்கில் எரிந்த மருந்து

குணரத்தினம் அங்கிள் பலெர்மோவில் முப்பத்து நான்கு வருடங்களாக மாடிப்படி கழுவுகிறார். லிபெர்த்தா வீதியில் பளிங்குப் படிகள் உள்ள ஆறு மாடிக் கட்டடம் அது. லிஃப்ட் இருக்கிறது. ஆனால் லிஃப்டில் நின்றுகொண்டு படி கழுவ முடியாது என்று அவர் விளக்குவார், நாங்கள் கேட்காவிட்டாலும்.

இது அவருடைய வாழ்க்கையின் ஒரு பாதி. மற்றப் பாதி கோயில். பதினொரு வருடமாக அவர்தான் நிர்வாக சபைச் செயலாளர். அபிஷேகத்துக்கு எவ்வளவு பால், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் இளைஞர் விழாவில் போதையின் தீமை பற்றி முக்கால் மணிநேரம் பேசுவார். போர்கோ வெக்கியோவில் அவர் வீட்டுக்குக் கீழே நிற்கும் இத்தாலியப் பெடியன்களை உதாரணம் காட்டுவார். நாங்கள் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அதற்குப் பிறகு தரும் வடைக்காகத்தான் போனோம் என்பதையும் சொல்லவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஈரப்படியில் அவர் சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் ஒரு நரம்பு நசிந்து, இடுப்பிலிருந்து வலது குதிக்கால் வரை நோ இறங்கியது. மாத்திரைகள் நோவை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தன. போன இலையுதிர்காலத்தில் அவரால் முதல் மாடியைக்கூடத் தாண்ட முடியவில்லை. கட்டட நிர்வாகி அவருக்குப் பதிலாக வேறொருவரைத் தற்காலிகமாக வைத்தார். டிசம்பர் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை வந்து முழுக் கட்டடத்தையும் கழுவ முடிந்தால் வேலை அங்கிளுக்கு, முடியாவிட்டால் மற்றவருக்கு என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நோவுக்கான பிரிவுக்கு அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான். இங்கேயே பொது நிர்வாகம் படித்தேன். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, சுகாதாரத்தில் பிராந்திய அரசின் அதிகாரங்கள். அதனால் எங்கள் ஆட்களுக்கு அரசாங்கக் கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் வாசித்து, விளங்கியதுபோல் தலையாட்டி, வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடுவேன். படித்தது எதற்கு என்ற கேள்வி எனக்கு அநேகமாக அந்த நேரத்தில்தான் வரும்.

டாக்டர் ஒரு பெண். படங்களைப் பார்த்துவிட்டு, கஞ்சா எண்ணெய் எழுதலாம் என்றார். அதை நான் தமிழில் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல் எல்லா மொழியிலும் அங்கிளுக்கு விளங்கியது. தான் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். இதைவிட மரியாதையான பெயரில் வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். இல்லை என்றார் டாக்டர்.

பிறகு எனக்குத் தெரிந்த பகுதி வந்தது. மருத்துவக் கஞ்சாவை நாடு அனுமதித்திருக்கிறது. ஆனால் எந்த நோய்க்கு இலவசம், எவ்வளவு, யார் கையெழுத்து வைப்பது என்பதை ஒவ்வொரு பிராந்திய அரசும் தானே தீர்மானிக்கிறது. சிசிலியில் அங்கிளின் நோவு பட்டியலில் இருந்தது. டாக்டர் எழுதும் சிகிச்சைப் பத்திரத்தை சுகாதார அலுவலகம் அங்கீகரிக்கவேண்டும். இந்த எண்ணெயைத் தயாரிக்கும் மருந்தகங்களும் நகரத்தில் சிலதான். இதையெல்லாம் நான் பஸ்ஸில் அரை மணிநேரம் விளக்கினேன். அங்கிள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப பிள்ளை, கவுண்மேந்தின்ர கஞ்சா லிஸ்ற்றிலை என்ர பேர் வருமோ?"

வந்தது. பத்தொன்பதாம் நாள் அங்கீகாரம் வந்தது. இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து நான்கு வருடமாக ஒரு பதிலும் இல்லாதவர் அந்தப் பத்திரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் நன்றாக வேலை செய்தது. முதல் மாதம் முடிவதற்குள் அவர் தன் வீட்டு மூன்று மாடிகளையும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினார். நிர்வாகியிடம் தொலைபேசியில் பதினைந்தாம் தேதி வருவேன் என்று உறுதியாகச் சொன்னார். டிசம்பர் முதலாம் தேதி இரண்டாவது போத்தல் கிடைத்தது.

அவருக்கு இருந்த ஒரே கவலை மானம். அவருடைய மனைவி அம்பிகை அன்ரிக்குக்கூடச் சொல்லவில்லை. டாக்டர் புது மாத்திரை தந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தார். போத்தலில் மருந்தகம் ஒட்டிய லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, சுவரில் அடித்த சுவாமித் தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். எங்கள் வீடுகளில் முக்கியமானதெல்லாம் அங்கேதான் இருக்கும். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி, கடவுச்சீட்டு, வீட்டு ஒப்பந்தம், என்னுடைய பட்டத்தின் பிரதிகூட எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் கோயில் செயலாளரின் வீட்டில் சுவாமித் தட்டுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. பூசை முடிந்து மிஞ்சிய எண்ணெயை அவர் கையில் அகப்படும் சின்னப் போத்தல்களில் ஊற்றிக்கொண்டு வந்து அதே தட்டில் வைப்பது வழக்கம்.

நான்காம் தேதி கார்த்திகை விளக்கீடு. அன்ரி லிபெர்த்தாவில் வேலை முடிந்து பிந்தி வந்தார். அங்கே தொண்ணூறு வயதான ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவை, பதினேழு வருடமாகப் பார்க்கிறார். அவசரமாகக் குளித்து, பால்கனியில் பதினொரு சிட்டி விளக்குகளை, சின்ன மண் அகல்களை, அடுக்கினார். ஆறாவது சிட்டியோடு நல்லெண்ணெய் முடிந்துவிட்டது. தட்டுக்குப் பின்னால் கையை விட்டார். லேபிள் இல்லாத சின்னப் போத்தல் ஒன்று வந்தது.

அன்று மாலை போர்கோ வெக்கியோவில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மணம் இறங்கியது. கீழே நின்ற பெடியன்கள் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தார்கள். அதில் ஒருவன் தொப்பியைக் கழற்றி அன்ரிக்கு வணக்கம் சொன்னான் என்று பக்கத்துப் பால்கனிக்காரர்கள் சொல்கிறார்கள்.

அங்கிள் கோயிலிலிருந்து வந்தபோது காலிப் போத்தல் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. பால்கனி விளக்குகளின் மணத்திலேயே எண்ணெய் எங்கே போனதென்று அவருக்கு விளங்கிவிட்டது. மூன்று நாள் இருவரும் சாப்பாடு, மழை, மின்சாரம் பற்றி மட்டும் கதைத்தார்கள்.

நான்காம் நாள் அங்கிள் எனக்கு ரெலிபோன் எடுத்தார். குளியலறையிலிருந்து கதைத்திருக்கவேண்டும், குரல் எதிரொலித்தது. காலில் நோ திரும்பிவிட்டது. வீட்டுப் படியில் முதல் வளைவோடு நின்றுவிட்டாராம். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள். நான் மருந்தகத்தைக் கேட்டேன். அடுத்த மாதம் வரை தரமுடியாது என்றார்கள். இடையில் தரவேண்டுமென்றால் மருந்து போனதற்குத் தெனுன்சியா வேண்டும், அதாவது கரபினியேரிப் பொலிசிடம் எழுத்தில் முறைப்பாடு. அதை வைத்து சுகாதார அலுவலகம் புதிதாக அனுமதிக்கவேண்டும்.

விளக்கில் எரிந்ததென்று யார் நம்புவார்கள்? துலைந்துவிட்டதென்று சொல்வோம் என்றார் அங்கிள். நானும் சரி என்றேன். பொது நிர்வாகம் படித்தவளின் முதலாவது பொது நிர்வாகக் காரியம் பொய் முறைப்பாடு. அன்றிரவு ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நூற்றுநாற்பது பக்கம். இதற்கு ஒரு வரிகூட உதவவில்லை.

மறுநாள் காலை நானும் அங்கிளும் நிலையத்தில் காத்திருந்தபோது அம்பிகை அன்ரி உள்ளே வந்தார். கோயிலுக்குக் கட்டும் சேலை. கையில் ஒரு துணிப்பை. கரபினியேரி என்ற சொல் மட்டும் குளியலறைக் கதவைத் தாண்டி அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். அன்ரி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

நிலையப் பொறுப்பதிகாரியான மரெஷால்லோ எங்களைக் கூப்பிட்டார். அமைதியான, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு போத்தல் துலைந்துவிட்டது என்று நான் தொடங்கினேன். அதற்கு மேல் போக முடியவில்லை. அன்ரி எழுந்து, என்னுடையதைவிட நல்ல இத்தாலியனில், துலையவில்லை, நான்தான் எரித்தேன், என் கணவரைப் பிடிக்கவேண்டாம் என்றார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஐந்து சிட்டி விளக்குகள், கரிந்த திரிகளுடன்.

மரெஷால்லோ பெட்டியைப் பார்த்தார். குனிந்து மணந்து பார்த்தார். பிறகு அங்கிளிடம், இந்த எண்ணெயை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

அங்கிள் தன்னுடைய பிளாஸ்ரிக் கோப்பைத் திறந்து சிகிச்சைப் பத்திரத்தை நீட்டினார். அன்ரி அதை இடையிலேயே வாங்கிவிட்டார். அரசாங்க முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது கவுண்மேந்துப் பேப்பரே?"

"ஓம்."

"உங்கட பேரிலையோ?"

"ஓம்."

"அப்ப ஏன் ஒளிச்சனீங்கள்?"

"நான் செயலாளர் எல்லே."

"செயலாளர். லேபிளில்லாத போத்திலைப் பாத்திட்டு, கீழ நிக்கிற பெடியளிட்டை வாங்கிறியளெண்டெல்லே நான் மூண்டு நாளா நித்திரை கொள்ளேல்லை. குப்பையிலை போட்டால் ஆரும் பிடிப்பாங்களெண்டு இதுகளையும் கட்டிலுக்குக் கீழ வைச்சுக்கொண்டு படுத்தனான்."

"நீர் எப்பிடிக் கண்டுபிடிச்சனீர், அது என்னெண்டு?"

"என்ர சிஞ்ஞோராவுக்கு நாளுக்கு ரெண்டு நேரம் இதே எண்ணெயைத் துளி எண்ணிக் குடுக்கிறது நான். மாதாமாதம் அவ கையெழுத்து வைச்ச தெலெகாக் கடிதத்தோட போய் எடுக்கிறதும் நான். ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்திலை ஊத்துப்பட்டு எரிஞ்சது, அந்த மணம் எனக்குத் தெரியும். நெருப்பு வைச்சாப்பிறகுதான் விளங்கினது."

"விளங்கினவுடன நூர்த்திருக்கலாமே."

அன்ரி அவரைப் பார்த்த பார்வையில், பதினொரு வருடச் செயலாளர் பதவி ஆட்டம் கண்டது.

"கார்த்திகை விளக்கை ஊதி நூர்க்கச் சொல்லுறியளோ? நீங்களோ?"

மரெஷால்லோ என்னிடம், என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டார். மருந்தை எங்கே வைப்பது என்று ஆலோசிக்கிறார்கள் என்றேன். அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முறைப்பாட்டில் எதை எழுதுவதென்று அவர் கொஞ்சம் கஷ்டப்பட்டார். களவு இல்லை, துலையவும் இல்லை. விளக்கை ஏன் அணைக்கவில்லை என்று அன்ரியிடம் கேட்டார். இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா றொசலியாவுக்கு முன்னால் ஏற்றிய மெழுகுதிரியை நீங்கள் ஊதுவீர்களா என்று அன்ரி திருப்பிக் கேட்டார். மரெஷால்லோ யோசித்துவிட்டு, ஊதமாட்டேன் என்றார். வீட்டு வழிபாட்டின்போது தவறுதலாக எரிந்து அழிந்தது என்று எழுதினார். மிச்ச எண்ணெயோடு களிமண் பாத்திரங்கள் ஐந்து, என்றும் சேர்த்தார். அவற்றை மருந்தகத்திடம் ஒப்படைக்கச் சொன்னார்.

சுகாதார அலுவலகத்துக்கு எந்த வழியாகப் போவது என்று நான் கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கினேன். அன்ரி என் கையைப் பிடித்து இறக்கினார். இன்றைக்குப் போய்ப் பிரயோசனமில்லை, அந்த மேசைக்காரி செவ்வாய் வரமாட்டாள், புதனும் வெள்ளியும்தான், ஒன்பது மணிக்கு முன்னால் போகவேண்டும், முறைப்பாட்டின் இரண்டு பிரதி, டாக்டரின் புதுக் கடிதம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவாள் என்றார். எந்தச் சட்டம் எந்த அதிகாரத்தை எந்த அலுவலகத்துக்குக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் யார் எந்தக் கிழமை கதிரையில் இருப்பார் என்பது அன்ரிக்குத் தெரியும். எண்ணெய் எதனால் கிடைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்றே டாக்டரிடம் கடிதம் வாங்கினோம். புதன்கிழமை அந்த மேசைக்காரி முறைப்பாட்டை இரண்டு தரம் வாசித்தாள். படிவத்தில் மூன்று பெட்டிகள் இருந்தன. துலைந்தது, களவுபோனது, உடைந்தது. விளக்குக்குப் பெட்டி இல்லை. அவள் பேனாவை எடுத்து ஓரத்தில் தானே ஒரு பெட்டியை வரைந்து, அதற்குள் ஒரு புள்ளடி போட்டாள். லேபிளை இனிமேல் உரிக்கவேண்டாம், பொலிஸ் மறித்தால் அதுதான் உங்கள் அத்தாட்சி என்று அங்கிளிடம் சொன்னாள். அவர் பள்ளிப் பிள்ளைபோல் தலையாட்டினார். அனுமதி வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை மத்தியானம் மருந்தகத்தில் ஐந்து சிட்டிகளைக் கொடுத்துவிட்டு ஒரு போத்தல் வாங்கினோம்.

அன்ரி அதைச் சுவாமித் தட்டில் வைக்க விடவில்லை. சமையலறை அலுமாரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், லேபிள் வெளியே தெரிய வைத்தார். ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தபோது, கோயில் சபையைச் சேர்ந்த கோபாலசிங்கம் ஐயா பஞ்சாங்கம் வாங்க வந்தவர், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அந்த அலுமாரியை நெடுநேரம் பார்த்தார். அங்கிள் தலை குனிந்தார். ஐயா போகும்போது வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஒருவருக்கு முழங்காலில் சரியான நோ, அதுவும் லிஸ்ற்றில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். கேட்கும்போது தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அங்கிள் ரெலிபோன் எடுத்தார். பின்னால் வாளிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கினாலும் குரலில் நடுக்கம் இல்லை. நிர்வாகி வந்துவிட்டாரா என்று கேட்டேன். வந்து, கீழிருந்து நாலாம் மாடி வரைக்கும் படிகளைப் பார்த்து, கை கொடுத்துவிட்டு, இனி வரவேண்டாமென்று மற்றவருக்கு ரெலிபோன் எடுக்கப் போயிருக்கிறாராம்.

"நோ எப்பிடி அங்கிள்?"

"இருக்குப் பிள்ளை. ஆனா அது கீழ் மாடியிலை நிக்குது, நான் அஞ்சாம் மாடிக்கு வந்திட்டன்."

இன்னும் ஒரு மாடி இருக்கிறது, தண்ணீர் காய முந்திப் போகவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.